லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்பி எழவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கடைகளில் லினக்ஸ் ஓடுவது அதிசயமில்லை. கேரளப் பள்ளி லேப்களில் பல வருடமாக லினக்ஸ்தான். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறியபோதும் அது தொடர்ந்தது. அங்கே படித்த பிள்ளைகள் வளர்ந்து, அப்பாவின் கடைக் கம்ப்யூட்டருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் வியாபாரம் நடப்பது அதற்குள், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ ஓடும் விண்டோஸ் எக்ஸ்பியில்.

எக்ஸ்பியை ஏன் இன்னும் கட்டி அழ வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. கேரளத்தில் வாட் வந்தது 2005 ஏப்ரலில், தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில். இரண்டு பக்கமும் சரக்கு அனுப்பியவர், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை இரண்டு கணக்கும் வைத்திருந்தார். அந்தப் பழைய கணக்கு மென்பொருள் எக்ஸ்பியில் மட்டுமே திறக்கும். ரைஸ் மில்லில் லாரியை எடைபோடும் வேபிரிட்ஜின் புரோகிராமும் அப்படித்தான். தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் அடிக்கும் டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரும் பழைய ஃபான்ட்டுகளும் எக்ஸ்பியை விட்டு வர மறுக்கும்.

சரி, பழுதுக்கு வருவோம். லினக்ஸ் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும், அதன் மையப் பகுதியான கெர்னல் மாறும், பழைய விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் புதிய கெர்னலில் உட்காராது. இங்கே வரும் புகார்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே. கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் போனில் சொல்வது போல ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

எதையும் தொடும் முன்

முதலில் கடையைத் திறக்க வழி செய்யுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, திரை வரும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் மெஷினென்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதில் ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் ஏற்றி எக்ஸ்பி ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அன்றைய பில்லிங் தப்பியது. பழுதும் கெர்னல் மாற்றத்தால்தான் என்று உறுதியாகிவிட்டது. கூட்டம் குறைந்த மாலையில் நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்தது, எக்ஸ்பியின் டிஸ்க் கோப்பு. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் விடிஐ, விஎம்வேர் என்றால் விஎம்டிகே. எக்ஸ்பியை ஒழுங்காக ஷட் டவுன் செய்து, அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஸ்னாப்ஷாட், அதாவது இடையில் பதிந்து வைத்த நிலை, இருந்தால் கணக்கு பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். அதனால் ஒரு கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. லினக்ஸையும் விர்ச்சுவல்பாக்ஸையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துப் போடலாம், இந்தக் கோப்பு போனால் திரும்பி வராது. காப்பி எடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, காப்பி நடுவில் நின்று ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றாலோ அங்கேயே நிறுத்திப் பவரை அணையுங்கள். அது டேட்டா ரெக்கவரி செய்பவரின் வேலை. திரும்பத் திரும்ப முயன்றால் இருப்பதும் போகும்.

மூன்றாவது, இரண்டு எண்களை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ‘யூநேம் -ஆர்’ என்று அடித்தால் ஓடும் கெர்னலின் எண் வரும். விர்ச்சுவல்பாக்ஸின் ‘ஹெல்ப்’ மெனுவில் அதன் பதிப்பு எண் இருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

அறிகுறி 1: விர்ச்சுவல்பாக்ஸ் திறக்கிறது, எக்ஸ்பியை ஸ்டார்ட் கொடுத்தால் ‘கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு’, -1908 என்று வருகிறது

விஎம்வேரில் இதே நோய் ‘குட் நாட் ஓபன் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் விஎம்மான்’ என்று வரும். “அண்ணா, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சுங்க, நான் ஒண்ணுமே பண்ணலீங்க” என்று போன் வந்தால் பெரும்பாலும் இதுதான். அவர் ஒன்றும் பண்ணவில்லை என்பதும் உண்மைதான், அப்டேட் தானாக வந்தது.

*முதல் சோதனை: டிரைவரைத் திரும்பக் கட்டச் சொல்வது.* விர்ச்சுவல்பாக்ஸுக்கு ‘சூடோ ஸ்லாஷ் எஸ்பின் ஸ்லாஷ் விபாக்ஸ்கான்ஃபிக்’. விஎம்வேருக்கு ‘சூடோ விஎம்வேர்-மாட்கான்ஃபிக் --கன்சோல் --இன்ஸ்டால்-ஆல்’. பிழை இல்லாமல் முடிந்தால் எக்ஸ்பியை ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் முழு விவரத்தையும் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’ ஃபோல்டரில் ‘விபாக்ஸ்-செட்டப் டாட் லாக்’ என்ற கோப்பில் எழுதி வைக்கும். கடைசி இருபது வரி போதும். இனி அந்தச் செய்தியைப் பொறுத்து வழி பிரிகிறது.

*ஹெடர்கள் இல்லை என்கிறது.* புதிய கெர்னல் வந்தது, டிரைவர் கட்டத் தேவையான அதன் ஹெடர் பேக்கேஜ் வரவில்லை. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-’ என்று அடித்து, யூநேம் காட்டிய எண்ணை அப்படியே ஒட்டுங்கள். கூடவே ‘பில்டு-எசென்ஷியல்’ பேக்கேஜையும் போடுங்கள். ஹெடர் இறங்காமல் இடம் இல்லை என்று சொன்னால் ‘டிஎஃப் -ஹெச்’ கொடுத்துப் பாருங்கள். ‘பூட்’ ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் போட்ட மெஷின்களில் பழைய கெர்னல்கள் குவிந்து அது நிறைந்திருக்கும். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ வேண்டாத கெர்னல்களை எடுத்துவிடும். ஆனால் எக்ஸ்பியை ஓட்டிக் காப்பாற்றிய அந்தப் பழைய கெர்னலும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘ஒய்’ கொடுங்கள்.

*‘அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்’ என்று தொடங்கி ‘எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்று ஒரு நீளமான பெயர் வருகிறது.* உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு இது வழக்கமாக வரும். அந்த உபுண்டுவில் டிரைவரைக் கட்டும் ஜிசிசி கம்பைலர் 11ஆம் பதிப்பு. பின்னால் அப்டேட்டில் வந்த 6.5 கெர்னலைக் கட்டியது ஜிசிசி 12. பழைய கம்பைலருக்குப் புதிய கெர்னல் கேட்கும் விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12’ கொடுத்துவிட்டு, முதல் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். லாக்கில் நூறு வரிப் பிழையைப் பார்த்துப் பயந்து லினக்ஸையே திரும்பப் போட்டவர்கள் உண்டு. ஒரு பேக்கேஜோடு முடியும் வேலை.

*‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்கிறது.* கொஞ்சம் பழைய கெர்னலில் ‘ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்’ என்று இருக்கும். டிரைவர் சரியாகவே கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கையெழுத்தில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் அதை உள்ளே விடவில்லை. ‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ கொடுத்தால் செக்யூர் பூட் ‘எனேபிள்டு’ என்று காட்டும்.

இங்கே இரண்டு வழி. மெஷினில் லினக்ஸ் மட்டும்தான் என்றால் பயாஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்பேன். கடை மெஷினுக்கு அது போதும், அடுத்த அப்டேட்டில் இதே தலைவலி வராது. ஆனால் அதே மெஷினில் விண்டோஸ் 11 பிட்லாக்கர் பூட்டோடு இருந்தால் அணைக்காதீர்கள். அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லாத வீட்டில் சண்டை வரும்.

அணைக்க முடியாதவர்களுக்கு இரண்டாவது வழி, டிரைவருக்கு நம் சொந்தச் சாவியால் கையெழுத்துப் போடுவது. உபுண்டுவில் ‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிஸி --என்ரோல்-கீ’ கொடுங்கள். சாவியே இல்லை என்று சொன்னால் முதலில் இதே கட்டளையை ‘--நியூ-கீ’ என்று முடித்து ஓட்டுங்கள். ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை வரும். பத்து நொடிக்குள் ஒரு விசையைத் தட்ட வேண்டும். தட்டாமல் விட்டால் திரை போய்விடும், திரும்ப முதலிலிருந்து. தட்டியபின் ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்டு, ரீபூட். அப்புறம் முதல் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். 7 வரிசை விர்ச்சுவல்பாக்ஸ் இந்தச் சாவியைத் தானே எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும். விஎம்வேருக்கு விஎம்மான், விஎம்நெட் இரண்டிலும் ஹெடர் ஃபோல்டரில் உள்ள ‘சைன்-ஃபைல்’ கொண்டு நாமே போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும்.

*இவை எதுவும் இல்லை, ஆனால் கம்பைல் பாதியில் ‘எரர்’ என்று நிற்கிறது.* உங்கள் பதிப்பு பழையது. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1க்கு 2024 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த கெர்னல்களோடு அதை ஒட்ட வைக்க யாரும் உட்காரவில்லை. புதிய பதிப்பைப் போடுங்கள். பழைய எக்ஸ்பி மெஷின் புதிய விர்ச்சுவல்பாக்ஸில் திறக்கும், டிஸ்க் கோப்பை மாற்ற வேண்டியதில்லை. போடும் முன் ‘டிபிகேஜி -எல்’ கொடுத்துப் பாருங்கள். உபுண்டு தரும் விர்ச்சுவல்பாக்ஸும் ஆரக்கிள் தரும் விர்ச்சுவல்பாக்ஸும் இரண்டும் கலந்து கிடந்தால் ஒன்றை முழுதாக எடுத்துவிட்டுத்தான் மற்றது.

விஎம்வேர் 15, 16 வைத்திருப்பவர்கள் பழையதைக் காசு கொடுத்து வாங்கியதால் விட மனமில்லாமல் இருப்பார்கள். ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கு இலவசமானது, அதே வருடம் நவம்பரில் வியாபார உபயோகத்துக்கும் இலவசமானது. விஎம்வேரை வாங்கிய பிராட்காம் கம்பெனியின் தளத்தில் கணக்குத் திறந்து 17ஐ இறக்கிக்கொள்ளலாம். பழைய மெஷினைத் திறக்கும்போது ‘அப்கிரேடு திஸ் விர்ச்சுவல் மெஷின்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்கிரேடு செய்தால் பழைய விஎம்வேரில் அது திரும்பத் திறக்காது. 17உம் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாமல் அடம் பிடித்தால் கிட்ஹப்பில் ‘விஎம்வேர்-ஹோஸ்ட்-மாட்யூல்ஸ்’ என்ற பெயரில் திருத்திய டிரைவர்கள் கிடைக்கும். பதிப்புக்கு ஏற்ற கிளையை எடுக்கத் தெரிந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

அறிகுறி 2: டிரைவர் இருக்கிறது, ஆனாலும் ‘விஎம்எக்ஸ் ரூட் மோட்’ என்று சொல்லி எக்ஸ்பி நிற்கிறது

செய்தியின் நடுவில் ‘வெர் விஎம்எக்ஸ் இன் விஎம்எக்ஸ் ரூட் மோட்’ என்று இருக்கும். ஏஎம்டி மெஷினில் ‘வெர் எஸ்விஎம் இன் யூஸ்’. இது ஒப்பீட்டளவில் புதிய நோய். 6.12 கெர்னலிலிருந்து, விர்ச்சுவல்பாக்ஸ் போல மெஷின் ஓட்டும் லினக்ஸின் சொந்த வசதியான கேவிஎம் ஏறும்போதே பிராசஸரின் விர்ச்சுவல் வசதியைக் கையில் எடுத்துக்கொள்கிறது. பின்னால் வரும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு இடமில்லை. டெபியன் 13 வைத்திருப்பவர்களுக்கு முதல் நாளே வரும். உபுண்டு 24.04 வைத்திருந்தவர்களுக்கு 2025 ஆகஸ்டில் 6.14 கெர்னல் வந்தபோது வந்தது.

உடனடிக்கு: ‘சூடோ மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்’. ஏஎம்டிக்கு ‘கேவிஎம்_ஏஎம்டி’. இப்போது எக்ஸ்பியை ஓட்டுங்கள். ஓடினால் காரணம் இதுதான்.

நிரந்தரத்துக்கு: ‘இடிசி’ ஃபோல்டருக்குள் ‘டிஃபால்ட்’ ஃபோல்டரில் ‘க்ரப்’ கோப்பைத் திறந்து, ‘கமாண்ட்லைன்_லினக்ஸ்_டிஃபால்ட்’ வரியில் மேற்கோளுக்குள் ‘கேவிஎம் டாட் எனேபிள்_விர்ட்_அட்_லோடு=0’ என்று சேர்த்து, ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுத்து ரீஸ்டார்ட். அதன் பிறகு கேவிஎம் தேவைப்படும்போது மட்டும் எழும். கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முயலாதீர்கள். மகன் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் திறந்து வைத்திருந்தால் அப்பாவின் எக்ஸ்பி எழாது.

*‘விடி-எக்ஸ் இல்லை’ அல்லது ‘பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது’ என்று வந்தால்* அது வேறு. பிராசஸரின் விர்ச்சுவல் வசதிக்கு இன்டெல் வைத்த பெயர்தான் விடி-எக்ஸ். ‘எல்எஸ்சிபியூ’ கொடுத்து ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து பயாஸ் செட்டிங் முதல் நிலைக்குப் போயிருக்கலாம். கரண்ட் போய் வந்த மறுநாள் இந்தப் புகார் வந்தால், தேதியும் தப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேட்டரியை மாற்றி, பயாஸில் விடி-எக்ஸைப் போட்டால் சரி. பிராசஸரிலேயே அந்த வசதி இல்லாத பழைய மெஷினென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1உம் அதற்குப் பின் வந்ததும் ஓடாது. 2019 டிசம்பரில் வந்த 6.1இலேயே அது இல்லாமல் ஓட்டும் வழியை எடுத்துவிட்டார்கள். அங்கே செலவு மெஷின் மாற்றுவதுதான்.

அறிகுறி 3: விர்ச்சுவல்பாக்ஸின் பழைய பதிப்பைப் போடவே முடியவில்லை

‘லிப்எஸ்எஸ்எல் 1.1 வேண்டும், கிடைக்கவில்லை’ என்று வருகிறதா? உபுண்டு 20.04க்கான கோப்பை 22.04இலோ அதற்கு மேலோ போடுகிறீர்கள். 22.04இல் ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது. உங்கள் உபுண்டுவின் பெயருக்கு நேராக உள்ள கோப்பை எடுங்கள். எங்கிருந்தோ பழைய லிப்எஸ்எஸ்எல்லை இறக்கித் திணிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, வேண்டாம். இன்றைக்கு ஓடும், அடுத்த அப்டேட்டில் ஆப்ட் முழுவதும் சிக்கிக்கொள்ளும்.

32 பிட் லினக்ஸ் என்றால் 5.2தான் கடைசி விர்ச்சுவல்பாக்ஸ். 64 பிட் லினக்ஸுக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 4: எக்ஸ்பி எழுகிறது, லோகோ வந்ததும் நீலத்திரை, 7பி

யாரோ விர்ச்சுவல்பாக்ஸில் புதிய மெஷின் உருவாக்கிப் பழைய டிஸ்க் கோப்பை அதில் மாட்டியிருக்கிறார்கள். நீலத்திரையில் நீண்ட எண்ணின் முடிவில் 7பி இருந்தால், எக்ஸ்பிக்குத் தன் டிஸ்க் கன்ட்ரோலர் தெரியவில்லை என்று பொருள். எக்ஸ்பிக்குச் சாட்டா ஏஹெச்சிஐ டிரைவர் பிறவியிலேயே கிடையாது.

விர்ச்சுவல்பாக்ஸில் ‘ஸ்டோரேஜ்’ போய்ச் சாட்டாவிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள். பழைய மெஷினின் செட்டிங் கோப்பு இருந்தால் அதில் எந்தக் கன்ட்ரோலர் இருந்ததோ அதையே வையுங்கள், ஸ்கஸியாக இருந்தால் ஸ்கஸி. ஐஓ-ஏபிஐசி என்ற டிக்கையும் பழையதில் இருந்தபடியே விடுங்கள். பிராசஸர் எண்ணிக்கை 1. மெமரி 1 ஜிபி போதும்.

உண்மையான பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை அப்படியே உருவி எடுத்த கோப்பென்றால் ஐடிஇயில் மாட்டினாலும் 7பி வரலாம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ‘மெர்ஜ்ஐடிஇ’ என்ற ரெஜிஸ்ட்ரி திருத்தத்தை ஓட்டிவிட்டுத் திரும்ப உருவுங்கள். பழைய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்திருந்தால் ரெஜிஸ்ட்ரியை வெளியிலிருந்து திருத்தத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எக்ஸ்பி சிடி போட்டு ‘ரிப்பேர்’ கொடுப்பதும் வழிதான், ஆனால் காப்பியின் மேல் மட்டும்.

எழுந்ததும் விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கலாம். மெஷினை மாற்றும்போது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பழையதாகவே வைத்தால் இந்தத் தொல்லை குறையும். மேக் முகவரியைப் பார்த்துப் பூட்டிய கணக்கு மென்பொருளுக்கும் அதேதான் மருந்து.

அறிகுறி 5: ‘ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது’, ‘சேவ்டு ஸ்டேட் ஏற்றமுடியவில்லை’, நடுவில் தானே நின்றுவிடுகிறது

விஎம்வேர் ‘டேக் ஓனர்ஷிப்’ என்று கேட்டு, கொடுத்தாலும் திறக்கவில்லையா? கரண்ட் போனபோது பூட்டுக் கோப்பு விட்டுப்போயிருக்கிறது. விஎம்வேர் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டு, மெஷின் ஃபோல்டரில் ‘டாட் எல்சிகே’ என்று முடியும் ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

சேவ்டு ஸ்டேட், அதாவது எக்ஸ்பியை ஷட் டவுன் செய்யாமல் அப்படியே உறங்க வைத்தது, பதிப்பு மாறியபின் பெரும்பாலும் எழாது. விர்ச்சுவல்பாக்ஸில் ‘டிஸ்கார்டு’ கொடுங்கள். டிஸ்க்கில் சேமித்தது போகாது, சேமிக்காமல் திறந்து வைத்த பில் போகும். பழைய கெர்னலும் பழைய பதிப்பும் இன்னும் இருந்தால் முதலில் அதில் எழுப்பி ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

தானே நின்றால் வெளியே உள்ள லினக்ஸ் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். பாதி நேரம் யாரோ படம் இறக்கி நிரப்பியிருப்பார்கள்.

அறிகுறி 6: எக்ஸ்பி நன்றாக ஓடுகிறது, வேபிரிட்ஜ் எடை வரவில்லை, டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் யுஎஸ்பி சாவி) தெரியவில்லை, டாட் மேட்ரிக்ஸ் அடிக்கவில்லை

நெல் சீசனில் இதற்குத்தான் அதிக அழைப்பு. லாரி மேடை மேல் நிற்கும், திரையில் எடை பூஜ்யம்.

*யுஎஸ்பியே தெரியவில்லை.* விர்ச்சுவல்பாக்ஸைத் திரும்பப் போட்டபின் உங்கள் பெயர் ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் இல்லாமல் போயிருக்கும். ‘சூடோ யூசர்மாட் -ஏஜி விபாக்ஸ்யூசர்ஸ்’, பிறகு உங்கள் யூசர் பெயர். ‘ஏஜி’யில் முதலெழுத்து சிறியது, இரண்டாவது பெரியது. லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் எடுக்கும், இதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

*தெரிகிறது, எக்ஸ்பிக்குள் டிரைவர் ஏறவில்லை.* செட்டிங்கில் யுஎஸ்பி 3.0 போட்டிருக்கிறதா? எக்ஸ்பிக்கு அது தெரியாது. 2.0 அல்லது 1.1 வையுங்கள். 7.0க்கு முந்தைய விர்ச்சுவல்பாக்ஸில் 2.0க்கே எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும். அந்தப் பேக் சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு லைசென்ஸ் கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே 7க்கு மாறிவிடுவது உத்தமம்.

*வேபிரிட்ஜ் இண்டிகேட்டரிலிருந்து யுஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக வருகிறது.* முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகி, ‘சூடோ டிமெசேஜ்’ பாருங்கள், அதாவது ‘டிஎம்இஎஸ்ஜி’ என்ற ஐந்து எழுத்து. ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்று ஒரு பெயர் வந்து நிற்க வேண்டும். வந்த உடனே ‘டிஸ்கனெக்டட்’ என்று போய்விட்டால், அதே இடத்தில் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பெயர் தெரிகிறதா தேடுங்கள். உபுண்டு 22.04இல், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவியை இயக்கும் இந்த புரோகிராம், சிஹெச்340 சிப் உள்ள மலிவு கேபிளைப் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த மெஷினில் பிரெயில் கருவி உபயோகிப்பவர் யாரும் இல்லையென்றால் ‘சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்’. இண்டிகேட்டர் போய்விட்டது, லோடு செல் போய்விட்டது என்று வேபிரிட்ஜ் கம்பெனி ஆளை வரவழைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள், அவருக்கு வண்டிச் செலவே தனி.

பெயர் நிற்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் ‘பர்மிஷன்’ இல்லை என்கிறதா? ‘டயல்அவுட்’ குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும், கட்டளை மேலே சொன்னதுதான். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது என்றால் கேபிளின் எண் 0, 1 என்று மாறி மாறி வருகிறது. செட்டிங்கில் ‘டெவ்’ ஃபோல்டருக்குள் ‘சீரியல்’, அதற்குள் ‘பை-ஐடி’ என்ற இடத்தில் உள்ள நீளப் பெயரைக் கொடுங்கள், அது மாறாது. இத்தனைக்கும் பிறகு லினக்ஸிலேயே எடை எண்கள் வரவில்லையென்றால் கேபிளோ இண்டிகேட்டரோதான், இப்போது வேபிரிட்ஜ் ஆளைக் கூப்பிடலாம். முத்திரை வைத்த இண்டிகேட்டரை நீங்களே திறக்காதீர்கள்.

*டாட் மேட்ரிக்ஸ்.* லினக்ஸே பிரிண்டரைப் பிடித்து வைத்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் யுஎஸ்பி ஃபில்டரில் அந்தப் பிரிண்டரைச் சேர்த்து, எக்ஸ்பி எழுந்தபின் பிரிண்டரை அணைத்துப் போட்டால் எக்ஸ்பிக்குப் போய்விடும். ‘பிஸி’ என்று வந்தால் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கப்ஸ்’ கொடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 7: எக்ஸ்பியிலிருந்து லினக்ஸ் ஃபோல்டருக்குப் போக முடியவில்லை, நெட்வொர்க் இல்லை

எக்ஸ்பிக்குள் நெட்வொர்க் கார்டே தெரியவில்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸில் கார்டு வகையைப் ‘பிசிநெட் ஃபாஸ்ட் த்ரீ’ என்று வையுங்கள். எக்ஸ்பியிலேயே அதற்கு டிரைவர் உண்டு.

லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா வழி ஷேர் திடீரென்று நின்றால், புதிய சாம்பா எக்ஸ்பியின் பழைய எஸ்எம்பி1 பேச்சை மறுக்கிறது. 4.11 முதல் இப்படித்தான். சாம்பா செட்டிங்கில் அதைத் திரும்பத் திறக்க முடியும், ஆனால் கடை நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு ஓட்டையைத் திறப்பதாகும். விர்ச்சுவல்பாக்ஸின் ‘ஷேர்டு ஃபோல்டர்’ போதும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது, அதை இன்டர்நெட்டில் விடவே வேண்டாம்.

எக்ஸ்பிக்கும் லினக்ஸுக்கும் இடையில் மட்டும் ஓடும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் முகவரியை ஏற்காமல் பிழை வந்தால், 6.1.28 முதல் 192.168.56இல் தொடங்கும் வட்டாரத்துக்கு மட்டும்தான் அனுமதி. ‘இடிசி’க்குள் ‘விபாக்ஸ்’ ஃபோல்டர் உருவாக்கி, ‘நெட்வொர்க்ஸ் டாட் கான்ஃப்’ கோப்பில் ஒரு நட்சத்திரக் குறியும் உங்கள் வட்டாரமும் எழுதினால் திறக்கும்.

அறிகுறி 8: விஎம்வேரில் எக்ஸ்பி சில நிமிடத்துக்கு ஒருமுறை உறைகிறது

‘டாப்’ கொடுத்துப் பாருங்கள். ‘கேகம்பாக்ட்டி0’ மேலே நூறு சதவீதத்தில் நின்றால், லினக்ஸ் மெமரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மெஷினைப் பிடித்து நிறுத்துகிறது. ‘இடிசி’யில் ‘சிஸ்சிடிஎல் டாட் டி’ ஃபோல்டரில் ஒரு ‘டாட் கான்ஃப்’ கோப்பு போட்டு, ‘விஎம் டாட் கம்பாக்ஷன்_ப்ரோஆக்டிவ்னஸ்=0’ என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது மேலே இல்லையென்றால் ரேம் போதவில்லை, அல்லது ஹார்டு டிஸ்க் கிழடு தட்டிவிட்டது. எஸ்எஸ்டி மாற்றுவதுதான் அதற்கு மருந்து.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே கதையென்றால்

தற்காலிகமாகக் கெர்னலைப் பூட்டி வைக்கலாம். ‘சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு’ கொடுத்து லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் ‘ஜெனரிக்’ பேக்கேஜ்களின் பெயரை அடியுங்கள். 22.04இல் பெயரின் முடிவில் ‘ஹெச்டபிள்யூஇ-22.04’ என்று இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும் என்பதால் இதை ஒரு சீசனைத் தாண்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை கேவிஎம்முக்கு மாறுவது. அது கெர்னலோடே வருவதால், கெர்னல் மாறினாலும் டிரைவர் கட்ட வேண்டியதில்லை, செக்யூர் பூட்டும் குறுக்கே வராது. ‘விர்ட்-மேனேஜர்’ போட்டு, டிஸ்க் கோப்பின் காப்பியை ‘க்யூஇஎம்யு-ஐஎம்ஜி கன்வர்ட் -பி -ஓ க்யூகவ்2’ கட்டளையால் மாற்றுங்கள். இதில் ‘ஓ’ பெரிய எழுத்து. பிறகு பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர். ஸ்னாப்ஷாட் உள்ள விடிஐ என்றால் முதலில் விர்ச்சுவல்பாக்ஸிலேயே ஒரே கோப்பாகக் க்ளோன் செய்துவிட்டு மாற்றுங்கள். விஎம்டிகே துண்டுகளாக இருந்தால் சில நூறு எழுத்துகளே உள்ள சின்னக் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும், எண் போட்ட துண்டை அல்ல.

மெஷின் உருவாக்கும்போது சிப்செட் ‘ஐ440எஃப்எக்ஸ்’, டிஸ்க் ஐடிஇ, நெட்வொர்க் ‘ஆர்டிஎல்8139’, மேக் முகவரி பழையது. க்யூ35 சிப்செட்டில் ஐடிஇ கிடையாது, அங்கே விட்டால் திரும்ப 7பிதான். வேபிரிட்ஜ் கேபிளையும் டாங்கிளையும் ‘ஆட் ஹார்டுவேர்’ போய் யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸாகச் சேர்க்கலாம். டாங்கிள் கேவிஎம்மில் எடுக்காமல் அடம் பிடிப்பதும் உண்டு. அந்தக் கடைகளில் மட்டும் நான் விர்ச்சுவல்பாக்ஸிலேயே விட்டுவிடுகிறேன்.

பழைய மெஷினை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கு முடித்து, பிரிண்ட் எடுத்து, வேபிரிட்ஜில் லோடு லாரியும் காலி லாரியும் ஏற்றிப் பார்த்து எண்கள் ஒத்துப்போகும்வரை அது வெளி ஹார்டு டிஸ்க்கில் கிடக்கட்டும்.